ஞானமுத்து சார் உள்ளே இருக்கிறார்

போன மாதம் கவிதாவிடமிருந்து ஒரு வாட்ஸப் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள் அவள். "மேடம், படம் திருத்துற சாஃப்ட்வேர் சந்தா முடியப்போகுது. திரும்பவும் சந்தாவே கட்டலாமா, இல்ல ஒரேயடியா வாங்கிடலாமான்னு முதலாளி கேக்கறார். நீங்க முன்னாடி இதுக்கு ஒரு ரிப்போர்ட் எழுதினீங்களாமே, கிடைக்குமா?"

தேடி எடுத்து அனுப்பினேன். இரண்டு பக்கம். எழுதியது எதுவும் பொய் இல்லை. ஆனால் அதை எழுதப் போன இடத்தில் நடந்தது அதில் ஒரு வரிகூட இல்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வேலை பள்ளிக்கூடப் படங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. பூந்தமல்லி, மாங்காடு, ஆவடி, திருநின்றவூர் என்று எங்கள் கேமராக்காரர்கள் பள்ளிக்குப் பள்ளி போய், வகுப்பு வகுப்பாக நிற்க வைத்து எடுத்து வருவார்கள். நாங்கள் அதைத் திருத்துவோம். கண்ணை மூடிய பிள்ளைக்கு அடுத்த படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்துப் பொருத்த வேண்டும். அன்றைக்கு வராத பிள்ளையைத் தனியாக எடுத்து வரிசையில் நிற்க வைக்க வேண்டும். டை கோணலாக இருந்தால் நேராக்க வேண்டும். கீழே பெயர் வரிசை போட்டு, பிரிண்டுக்கு அனுப்ப வேண்டும். டைப் அடிக்கத் தெரியும் என்று சொல்லிச் சேர்ந்தவள் நான். பெயர் அடித்துக்கொண்டிருந்தவளை ஒரு ஜூன் மாத நெருக்கடியில் படத்துக்கு மாற்றினார்கள். பிறகு இருபத்தேழு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன்.

திருத்தல் பிரிவுக்குத் தலைவர் ஞானமுத்து சார். மெலிந்த உடம்பு, எப்போதும் அரைக்கை வெள்ளைச் சட்டை. அவர் மவுஸைத் தொட மாட்டார். நம் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்து உட்காருவார். படத்தை இருநூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கச் சொல்வார். மேல் வரிசை, இடது ஓரம். ஒவ்வொரு முகத்துக்கும் மனதுக்குள் மூன்று எண்ணுவார். உதடு அசைவது திரையில் நிழலாகத் தெரியும். தப்பு இருந்தால் "நில்லு" என்பார். இல்லாவிட்டால் கடைசி முகம் முடிந்ததும் "சரி, அடுத்தது." இந்த இரண்டைத் தவிர நல்லது கெட்டது எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு பையனின் மேலுதட்டில் இருந்த கறுப்புப் புள்ளியைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டேன்.

"நில்லு. அது தூசியா, மச்சமா?"

"தெரியலை சார்."

"தெரியாம எப்படி அழிச்சே? இதே வகுப்புல அடுத்த படத்தைத் திற."

திறந்தேன். பையன் தலையைக் கொஞ்சம் திருப்பியிருந்தான். புள்ளியும் அவன் உதட்டோடு திரும்பியிருந்தது.

"முகத்தோட நகர்ந்தா பிள்ளையோடது. நகராம அதே இடத்துல நின்னா கேமராவோடது. கேமராவோடதை எடு. பிள்ளையோடதைத் தொடாதே. இந்தப் படம் வீட்டுக்குப் போனதும் அவன் அம்மா முதல்ல அதைத்தான் தேடுவாங்க."

அதன் பிறகு நாங்கள் சந்தேகம் கேட்டுக் குறிப்பு எழுதினால், அவர் பதிலுக்கு எழுதுவது இரண்டே வார்த்தை: "அம்மா தேடுவாங்க." தழும்பு, மாறுகண், உடைந்த பல், வெள்ளைத் திட்டு, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது பெட்டியில் வந்த சாஃப்ட்வேர். ஒரு தடவை வாங்கினால் நம்முடையது. பெட்டிக்குள் சி.டி. தட்டு, அதன் உறையில் நீளமான எண். அந்த எண்ணை அடித்தால் திறந்துகொள்ளும். நெட் போனாலும் வேலை நிற்காது. வாங்கிய அன்று பட்டன் எங்கே இருந்ததோ, பத்து வருடம் கழித்தும் அங்கேயேதான் இருக்கும். பிறகு கேமராக்காரர்கள் புதிய கேமரா வாங்கினார்கள். அதன் படங்களை எங்கள் பழைய பதிப்பு திறக்க மறுத்தது. முதலாளி மூன்று இடத்துக்கு மட்டும் சந்தாப் பதிப்பு எடுத்தார்: எனக்கு ஒன்று, பக்கத்து நாற்காலி மாலாவுக்கு ஒன்று, சாருக்கு ஒன்று.

சந்தாப் பதிப்பின் சங்கதியே வேறு. படம் நம் கணினியில் இருக்காது, எங்கேயோ இருக்கும். ஒரே படத்தை இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து ஒரே சமயத்தில் திறக்கலாம். யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் பெயரின் முதலெழுத்து, திரையின் வலது மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் வரும். எனக்கு நீலம், மாலாவுக்குப் பச்சை, சாருக்கு ஆரஞ்சு. போகும்போது வட்டம் மங்கி மறையும். நாம் ஒரு படத்தைத் திறந்தால் மற்றவருக்கு மணி அடித்துச் செய்தி போகும். அதோடு தானாகவே தோலைச் சுத்தம் செய்யும் கருவி ஒன்று. ஒரு சொடுக்கில் அறுபது பிள்ளைகளுக்கும் மாவு பூசிய முகம் வந்துவிடும்.

சார் சந்தாவுக்கு ஒப்புக்கொண்டது அவர் காலால்தான். சர்க்கரை முற்றி, பாதத்தில் புண் ஆறாமல், வேப்பம்பட்டு வீட்டை விட்டு வர முடியாமல் போயிற்று. முடிந்த படங்களை நாங்கள் தினம் மூன்று மணிக்குச் சரிபார்ப்புக்குத் திறப்போம், ஆரஞ்சு வட்டம் வரும். வீட்டிலிருந்தே படங்களைச் சரிபார்ப்பார். சில நாள் போன் செய்வார். "ஸ்டெல்லா, மூணாவது வரிசை," என்பார். கொஞ்சம் மௌனம். பின்னணியில் யாரோ முணுமுணுக்கிற சத்தம். "இடமிருந்து அஞ்சாவது பொண்ணு. காது கிட்ட பார்." பார்த்தால் நிச்சயம் ஒரு தப்பு இருக்கும். அந்த முணுமுணுப்பை டிவி என்று நினைத்தேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

பிறகு ஒரு நாள் காலையில் அவர் இறந்துவிட்டார். ஆபீஸ் முழுக்க வேன் பிடித்துப் போனோம். கல்லறையில் நானும் ஒரு பிடி மண் போட்டேன். இதைச் சொல்லக் காரணம் உண்டு. அவர் இறந்தது எனக்குக் கேள்விப்பட்ட விஷயம் அல்ல.

இரண்டு மாதம் போயிருக்கும். பள்ளிகளுக்கு ஆண்டு இறுதிப் படம் போகிற நேரம். பூந்தமல்லிப் பள்ளி ஒன்றின் நான்காம் வகுப்பு என் திரையில் இருந்தது. அதில் இரட்டைப் பெண்கள். ஒரே உயரம், ஒரே பின்னல், பக்கத்தில் பக்கத்தில். வேலை குவிந்து கிடந்ததால் தானியங்கிக் கருவியை ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வலது மூலையில் ஆரஞ்சு வட்டம் இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி ஐந்து நிமிடம். ஜன்னலில் நல்ல வெயில். கீழே லாரி பின்னால் வருகிற சத்தம். எல்லாம் அதனதன்படி இருந்தது, அந்த வட்டத்தைத் தவிர. படத்தில் ஓர் அம்புக்குறி மெல்ல நகர்ந்தது. மேல் வரிசை, இடது ஓரம். ஒரு முகம், ஒரு நிறுத்தம். அடுத்த முகம், ஒரு நிறுத்தம். என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

இரட்டையரில் வலது பக்கத்துப் பெண்ணிடம் அம்பு நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் இடது புருவத்தில் ஒரு வெட்டு திரும்பி வந்தது. அரை அங்குலத்துக்கு முடி இல்லாத வெள்ளைக் கோடு. கருவி அதை நிரப்பிவிட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. அந்தக் கோடு இல்லாவிட்டால் எது எந்தப் பெண் என்று பெற்றவளைத் தவிர யாருக்கும் தெரியாது. கீழே குறிப்புப் பெட்டியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"அம்மா தேடுவாங்க."

வட்டம் மங்கி மறைந்தது.

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிய வேகத்தில் மாலா எழுந்து வந்தாள். அவளுக்கும் வந்திருந்ததாம். முந்தின வாரமே. சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிரிண்ட் மெஷின் ஓட்டும் குமார் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மேடம், பேயறைஞ்ச மாரி கீறீங்க?"

மாலா குறிப்பைக் காட்டினாள். குமார் அதை இரண்டு தடவை படித்தான். "சாரு இன்னும் உள்ளயே கீறாரா?" என்றான். சிரிக்கவில்லை. அன்று அந்தப் படத்தை பிரிண்டுக்கு அனுப்பும்போது செருப்பைக் கழற்றிவிட்டு மெஷின்முன் நின்றான்.

அடுத்த நாளும் வந்தது. அதற்கு அடுத்த நாளும். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் வேலை ஒரு பக்கம் நடந்தது. ஏனென்றால் அந்த வட்டம் தொட்ட இடம் ஒன்றுகூடத் தப்பில்லை. மூன்று மணி நெருங்கினால் மாலா தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். நான் உட்கார்ந்திருப்பேன். கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி கூப்பிட்டார். வருடச் சந்தா முடியப்போகிறது, எல்லோருக்கும் சந்தாவா, இல்லை புதிய பதிப்பைப் பெட்டியாக வாங்கிவிடலாமா, ஒப்பிட்டு எழுதிக் கொடு என்றார். யார் எவ்வளவு உபயோகிக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தேன். மூன்று பெயர். மூன்றாவது பெயருக்கு நேரே: கடைசியாக உள்ளே வந்தது, நேற்று மதியம் மூன்று மணி நான்கு நிமிடம்.

எங்கள் கணினிகளைப் பராமரிக்க நூம்பலிலிருந்து பிரகாஷ் என்றொருவர் வருவார். ஐ.டி. கம்பெனி வேலைக்கு நடுவே இதையும் பார்ப்பவர். அவரிடம் பட்டியலைக் காட்டினேன்.

"பாஸ்வேர்டு யாராவது திருடியிருப்பாங்க மேடம்," என்றார் முதலில். பிறகு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "புது மெஷின் இல்லை. அவரு கடைசி வரைக்கும் எந்த லேப்டாப்ல வேலை செஞ்சாரோ, அதுதான்."

முதலாளியிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். அறுநூறு பள்ளிப் பிள்ளைகளின் முகம் அந்த லேப்டாப்பில் யார் கண்ணிலோ பட்டுக்கொண்டிருக்கிறது. நான் சொல்லவில்லை. மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வேப்பம்பட்டுக்கு ரயில் ஏறினேன்.

சாரின் மனைவி ரோஸ்லின் அக்கா கதவைத் திறந்தார். அடக்கத்தன்று பார்த்ததுதான். இளைத்திருந்தார். "வா ஸ்டெல்லா" என்றதில் ஆச்சரியமே இல்லை. நான் வருவேன் என்று தெரிந்தவர் போல வழிவிட்டார். முன்னறையில் இயேசு படத்துக்குக் கீழே ஒரு மேசை. அதன் மேல் லேப்டாப் திறந்தே இருந்தது. அதன் முன்னால் ஒன்று அல்ல, இரண்டு நாற்காலிகள்.

காபி கொடுத்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பிள்ளைகள் பற்றி, கால்வலி பற்றி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு லேப்டாப்பில் "டிங்" என்று ஒரு சத்தம். திரையின் மேல் பக்கம் ஒரு வரி வந்தது: "ஞானமுத்து, உங்கள் குழுவினர் ஒரு படத்தைத் திறந்திருக்கிறார்கள்."

அக்கா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இடது நாற்காலியை எனக்குக் காட்டவில்லை. நான் நின்றுகொண்டே பார்த்தேன். மூலையில் மாலாவின் பச்சை வட்டம். அந்தப் பக்கம் அவள் திரையில் என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் போன் அதிர்ந்தது. மாலாவின் செய்தி: "அக்கா, சார் வந்துட்டார்."

நான் சாரின் வீட்டில், சாரின் மேசைக்குப் பின்னால் நின்று அதைப் படித்தேன். 

அக்கா படத்தைப் பெரிதாக்கினார். மேல் வரிசை, இடது ஓரம். உதடு அசைந்தது.

"அக்கா, இது உங்களுக்கு எப்போதிலிருந்து…"

"அவருக்குக் கண்ணு போனதிலிருந்து."

திரும்பாமலே சொன்னார். சர்க்கரை காலோடு நிற்காமல் கண்ணையும் பிடித்ததாம். வீட்டோடு இருக்க ஆரம்பித்த இரண்டாவது மாதமே. வெளிச்சம் எது இருட்டு எது என்று மட்டும் தெரியும், முகம் தெரியாது. ஆபீசில் சொன்னால் வேலை போய்விடும் என்பதைவிட, நாங்கள் அவரைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயந்தாராம். அவர் சொல்லிக் கொடுக்க, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னார். முதலில் அக்கா பார்த்ததைச் சார் கேட்பார். பிறகு சார் கேட்காமலே அக்கா சொன்னார். கடைசி ஒரு வருடம் அவர் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

போனில் நான் கேட்ட முணுமுணுப்பு இவர்தான். கிட்டத்தட்ட இரண்டு வருடம் எந்தக் கண்ணுக்கு நான் பயந்தேனோ, அந்தக் கண் அங்கே இல்லவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் ஆபீஸ் படியைக்கூட மிதிக்காதவர்.

"அவர் போனப்புறம் மூடி வச்சிடணும்னுதான் நினைச்சேன்," என்றார் அக்கா. "மூணு மணிக்கு அது டிங்குனு அடிச்சுது. அவர் பேரைப் போட்டுக் கூப்பிடுது. ஊரே அவர் பேரைச் சொல்றதை நிறுத்திட்டுது. இது மட்டும் தினம் கூப்பிடுது. கூப்பிட்டா பதில் சொல்லாம எப்படி ஸ்டெல்லா இருக்கிறது?"

என் பையில் ஒரு பெட்டி இருந்தது. எங்கள் பழைய பதிப்பு. ஆபீசில் உபயோகத்திலிருந்து எடுத்துவிட்ட ஒன்று. அந்த வட்டத்துக்குப் பின்னால் யார் என்று கிளம்பும்போதே பாதி ஊகித்திருந்தேன். இந்தக் கணக்கை மூடச் சொன்னால் அந்த வீட்டில் உள்ளவர்களுக்கு ஏதாவது மிஞ்சட்டும் என்று எடுத்து வந்திருந்தேன். மேசை மேல் வைத்தேன்.

"அக்கா, இந்தச் சந்தாவை ஆபீசில் நிறுத்திடுவாங்க. நிறுத்தணும். பிள்ளைங்க படம் வெளியில இருக்கக் கூடாது. இதை இதுல போட்டுத் தரேன். முதலாளிகிட்ட நான் கேட்டுக்கறேன். இதுக்கு நெட் வேணாம், மாசாமாசம் ஒண்ணும் கட்ட வேணாம். யாராலயும் பூட்ட முடியாது. சாரோட குடும்பப் படமெல்லாம் போட்டுத் திருத்திக்கிட்டு இருக்கலாம்."

பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நீங்கள்லாம் தெரிவீங்களா?"

"இல்லக்கா. இது தனி."

"நான் திறந்தா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"யாரும் கூப்பிட மாட்டாங்க?"

"மாட்டாங்க."

பெட்டியை என் பக்கம் மெதுவாகத் தள்ளினார். "அப்ப எனக்கு எதுக்கு?"

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கத்தினார். கத்தியதில் நியாயம் இருந்தது. சாரின் கண் விஷயம் வந்தபோது நிறுத்திவிட்டார். பூந்தமல்லிப் படத்தைக் கொண்டுவரச் சொல்லி, இரட்டைப் பெண்களில் ஒருத்தியின் புருவத்தை நெடுநேரம் பார்த்தார். "நம்ம லேப்டாப்பை இன்னிக்கே வாங்கி வந்துடு," என்றார். கதவு வரை போன பிறகு, "அந்தம்மா இங்க வந்து பாப்பாங்களான்னு கேளு. அவங்க பேர்லயே" என்றார்.

அக்கா ஒரு வாரம் யோசித்தார். பிறகு சம்மதித்தார். ரயிலில் வந்து, அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார். குமார் எழுந்து நின்றான்.

ரிப்போர்ட்டில் நான் சந்தாவையே சிபாரிசு செய்திருந்தேன். புதிய கேமராப் படங்களைத் திறக்கும், பல பேர் சேர்ந்து பார்க்கலாம் என்று காரணம் எழுதினேன். அக்காவுக்குப் புதிய கணக்குத் திறந்தோம். மிச்சம் இருந்தது பழைய கணக்கை நீக்குவது. அதை நான் செய்ய வேண்டியிருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பெயரைத் தேர்ந்தெடுத்து "நீக்கு" என்பதை அழுத்தினேன். சாஃப்ட்வேர் உடனே நீக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டது: இவருடைய படங்களையும் திருத்தங்களையும் யாருக்கு மாற்ற வேண்டும்?

நான் அக்காவைப் பார்த்தேன்.

"போடும்மா" என்றார்.

அக்காவின் பெயரை அடித்தேன். ஒரு கோடு மெல்ல நீண்டு முடிந்தது. பட்டியலில் ஞானமுத்து இல்லை.

பிறகுதான் கவனித்தேன். பழைய படங்களைத் திறந்தால், யார் எதைத் திருத்தினார்கள் என்று பக்கத்தில் ஒரு பட்டியல் வரும். அதில் எல்லா இடத்திலும் இப்போது ரோஸ்லின் என்று இருந்தது. சார் போன பிறகு செய்ததிலும், அவர் கண் போன பிறகு செய்ததிலும், அதற்கும் முன்னால், சந்தா வந்த முதல் மாதத்தில், கண் இருந்தபோது அவரே செய்ததிலும்கூட. எது அவருடையது, எது இவருடையது என்று இனிமேல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிரகாஷாலும் முடியவில்லை.

அக்காவிடம் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் படத்தைத் திறந்து, தன் பெயரை ஒரு முறை பார்த்தார்.

"இருக்கட்டும்," என்றார். "ஒண்ணாத்தானே உக்காந்திருந்தோம்."